நாடாவுக்கு எதற்குப் பெயின்ட்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கழிவுப் பொருள்களில் மாதிரிக் கப்பல் செய்பவர்களைப் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையைப் படித்தேன். கைவேலை அருமை. ஆனால் எல்லாக் கப்பலுக்கும் தங்க நிற ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். எது பூட்டு, எது பல்சக்கரம், எது சைக்கிள் செயின் என்றே தெரியவில்லை. இதற்குப் பேசாமல் கடையில் ஒரு பிளாஸ்டிக் கப்பல் வாங்கி வைத்துவிடலாமே!

எங்கள் பக்கம் ரேப்பியர் என்ற புது வகைத் தறி வந்ததிலிருந்து பழைய விசைத்தறிகள் எடைக்குப் போகின்றன. இரும்பைப் பழைய இரும்புக்காரர் தூக்கிக்கொள்கிறார். ஊடு நூலைச் சுமந்துகொண்டு தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் மர நாடா அடுப்புக்குப் போகிறது. அந்த நாடாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் எஃகுக் கூம்பு, நடுவில் நூல் சுற்றிய தார்க்குச்சி படுக்கும் குழி, பக்கவாட்டில் நூல் வெளியே வரும் பீங்கான் கண். முக்கால் கப்பல் ஏற்கெனவே தயார். அந்தக் கண்ணை அப்படியே விட்டால் அதுவே கேபின் ஜன்னல். மரம் எண்ணெய் குடித்திருப்பதால் பசை லேசில் பிடிக்காது. தின்னர் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, சின்ன ஆணியும் அடிப்பதுதான் சரி.

நாடா ஒல்லி, நீளம். வயிறு பெருத்த பாய்மரக் கப்பல் அதில் வராது, நீராவிக் கப்பல்தான் வரும். உடனே டைட்டானிக்கா? வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் காலியா, லாவோ என்ற கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடியவை. அவற்றைச் செய்யலாமே. தார்க்குச்சியை அறுத்து நிறுத்தினால் புகைபோக்கி. கம்பத்துக்கு ஏற்காட்டில் கவாத்து செய்து போடும் காப்பிக் குச்சி போதும். நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் வெடித்துவிடும். நங்கூரச் சங்கிலிக்குச் எங்கள் ஊர் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுத் துண்டு பொருத்தம்தான். ஆனால் வெள்ளிப் பட்டறையில் தரையைக் கூட்டிய மண்ணுக்கே விலை உண்டு, அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

நெப்போலியன் காலப் போர்களில் இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள், சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைச் சீவிக் கப்பல் செய்தார்கள். நார்மன் கிராஸ் முகாமில் அதை வெளியாட்களுக்கு விற்கவும் செய்தார்கள். அந்தக் கப்பல்கள் இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எலும்பின் வெளுப்பு அப்படியே தெரிகிறது, அதற்காகத்தான் ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்பவர்களைப் பற்றி எழுதினால், ஸ்பிரே அடிப்பதற்கு முன்பே போய் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
விசைத்தறி ஓட்டிய ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.