வாடகை வீட்டுக்கு மின் பாதுகாப்புச் சான்றும், மொட்டை மாடி வெக்கைக்கு ஒரு வழியும் வேண்டும்: வீட்டுவசதித் துறைச் செயலாளருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
உரிமம் பெற்ற மின்கம்பியாளர்,
பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு பகுதி வாடகைதாரர்கள் சார்பில்,
பெரம்பூர், சென்னை – 600 011.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: வாடகை ஒப்பந்தப் பதிவின்போது மின் பாதுகாப்புச் சான்றைக் கட்டாயமாக்கவும், மேல்தள வாடகை வீடுகளின் கூரைச் சூட்டைக் குறைக்க உரிமையாளர்களுக்கு உதவவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம்.

நான் வடசென்னையில் வீட்டு ஒயரிங் வேலை செய்பவன். குடியிருப்பதும் வாடகை வீட்டில்தான். எங்கள் பகுதியில் வாடகைக்கு இருப்பவர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் இந்த மனுவை எழுதுகிறேன். புதுச் சட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. இருக்கிற சட்டம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் குறித்த 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. எந்தப் பழுதை யார் பார்ப்பது என்று இரண்டாம் அட்டவணையில் பிரித்தும் கொடுத்திருக்கிறது. சுவிட்ச், பிளக் பாயின்ட் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. ஒயரிங்கும் கட்டடத்தின் கட்டுமானப் பழுதும் உரிமையாளர் பொறுப்பு. இதில் குழப்பமே இல்லை. ஆனால் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்று எழுதிப் பதிவு செய்யும்போது, அந்த வீட்டில் எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு) இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை.

நான் பார்ப்பதைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் பல போர்ஷன்கள், பொதுவாக ஒரு மோட்டார். மோட்டார் ஓடும்போது பின்பக்கத்துக் குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று ஓர் அம்மா கூப்பிட்டார். மோட்டார் பிளக்கைக் கழற்றினேன். எர்த் ஒயரை ஒட்ட நறுக்கி விட்டிருந்தார்கள். மெயின் போர்டில் ஃபியூஸ் கேரியரில் ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செப்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். ஆபத்தான அளவுக்கு மின்சாரம் பாய்ந்தாலும் அது லேசில் உருகாது. அந்த வீட்டுக்கு எர்த் குழியே எடுத்திருக்கவில்லை. "ஹவுஸ் ஓனர் கிட்ட நானே பேசறேன்மா" என்றதும் அந்த அம்மா பதறிவிட்டார். "வேணாம் தம்பி, காலி பண்ணுன்னு சொல்லிடுவாரு. புள்ளைங்க இங்கதான் ஸ்கூல் போவுது. குழாய்கிட்ட செருப்பு போட்டுக்கிட்டே போறோம், விடுங்க" என்றார்.

ஷாக் அடிக்கிற குழாயோடு இப்படிப் பழகிக்கொண்டு வாழ்கிற குடும்பங்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. வாய் திறந்து கேட்டால் வீடு போய்விடுமோ என்ற பயம்தான் எல்லாரையும் கட்டிப்போட்டிருக்கிறது. அதனால்தான் குடியிருப்பவர் புகார் கொடுத்த பிறகு நடவடிக்கை என்பது எங்களுக்கு உதவாது. அவர் குடிவருவதற்கு முன்பே சோதனை நடக்க வேண்டும்.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) ஒன்றைப் பொருத்த, சாதாரண வீட்டுக்குக் கூலியோடு ₹3,000 சுமாருக்குள் முடித்துவிடலாம். உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். சில வீடுகளில் அதை மாட்டிவிட்டு, "அடிக்கடி ட்ரிப் ஆவுது" என்று கழற்றியும் விடுகிறார்கள். சுவருக்குள் எங்கோ ஒயர் நைந்து கசிகிறது, அல்லது வேறொரு போர்ஷனின் நியூட்ரலோடு கலந்திருக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி காட்டிக்கொடுக்கிறது. கழற்றியதும் ட்ரிப் நிற்கும், கசிவு நிற்காது. ஆகவே கருவி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பதும் எர்த்தை அளப்பதும் சோதனையில் சேர வேண்டும்.

மழைக்காலம் தனிக் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பகுதித் தரைதள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு நான் திறந்த சுவிட்ச் போர்டுகளுக்குள் சேறு அப்பிக் கிடந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் மெயினைப் போட்டிருந்தார்கள். தண்ணீர் ஏறும் தெருக்களில் மீட்டரையும் பிளக் பாயின்டையும் உயர்த்தி வைப்பதையும் சான்றுக்கான நிபந்தனைகளில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்து மேல்தளம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடரை வீட்டுக்குள்ளேயே அனுபவிப்பவர்கள் மொட்டை மாடிக்கு நேர்கீழே இருப்பவர்களும், மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட அறையில் இருப்பவர்களும். மே மாதத்தில் இரவு பத்து மணிக்கும் தளம் அனல் கக்கும். ஃபேன் அந்த அனலைத்தான் கீழே தள்ளும். கைக்குழந்தையை ஈரத்துணி போர்த்தித் தூங்கவைப்பதைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பும் செங்கலும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இந்த அளவுக்கு வெக்கை கிடையாது. இப்போது வாடகைக்கென்றே அவசரமாக எழுப்பும் மாடிகளில், செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிக்கும், சூட்டைத் தடுக்கும் வெதரிங் கோர்ஸைக்கூடச் செலவென்று விட்டுவிடுகிறார்கள்.

இதைச் சரிசெய்ய யாரும் முன்வராததற்குக் காரணம் இருக்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை மாடிக்கு அடிக்கும் செலவு உரிமையாளருக்கு, குறையும் கரண்ட் பில் குடியிருப்பவருக்கு. தனக்கு லாபமில்லாத செலவை அவர் ஏன் செய்வார்? அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாத வீட்டில் இவர் ஏன் பணம் போடுவார்? வீட்டோடு வரும் பழைய ஃபேனும் அப்படித்தான். 75 வாட் ஃபேன் நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட் இழுக்கும். மின்சாரம் குறைவாக இழுக்கும் புது வகை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு அதே ஓட்டத்துக்கு 29 யூனிட் போதும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு தருவதில் பெரும்பங்கை அந்த ஒரு பழைய ஃபேனே தின்றுவிடுகிறது. ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்துப் பல குடித்தனங்களுக்கு யூனிட் ரேட் போட்டு வசூலிக்கும் வீடுகளிலோ, அந்த 100 யூனிட்டும் குடியிருப்பவர் கைக்கு வருவதில்லை. மின்துறையோடு பேசி, தனிச் சமையலறை உள்ள ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு கிடைக்க வழி செய்யுங்கள்.

உரிமையாளர்கள் எல்லாரும் வசதி படைத்தவர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒரு போர்ஷன் வாடகையை நம்பி மாத்திரை வாங்கும் வயதானவர்களின் வீடுகளிலும் நான் வேலை செய்திருக்கிறேன். அவர்களைத் தண்டித்துப் பயனில்லை. சொத்துவரியை அரையாண்டின் தொடக்கத்திலேயே கட்டுபவர்களுக்குச் சென்னை மாநகராட்சி 5 சதவீதம் ஊக்கத்தொகை தருகிறது. அதேபோல ஒயரிங் மாற்றி எர்த் போட்டவர்களுக்கும், மாடியில் வெள்ளைப் பூச்சோ வெதரிங் கோர்ஸோ போட்டவர்களுக்கும் சொத்துவரியில் ஒரு தள்ளுபடி கொடுக்கலாம். அதைப் பெறுபவர் அந்தச் செலவைக் காட்டி வாடகையை ஏற்றக்கூடாது என்ற நிபந்தனையும், சான்று கேட்டதற்காகக் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லக்கூடாது என்ற உத்தரவும் சேர்ந்து வரவேண்டும். இவை இரண்டும் இல்லாவிட்டால், வீடு சரியாகும், அதில் இருந்தவர்கள் வெளியே நிற்பார்கள்.

ஒப்பந்தப் பதிவு இணையதளத்தில், உரிமம் பெற்ற மின்கம்பியாளரோ ஒப்பந்ததாரரோ கையெழுத்திட்ட ஒரு பக்கச் சான்றைப் பதிவேற்ற இடம் ஒதுக்கினாலே இது தொடங்கிவிடும். சென்னை முழுவதும் ஒரே நாளில் முடியாது என்பது தெரியும். முதலில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் செய்து பார்க்கலாம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தரைதள வீடுகளையும், அதையடுத்த கோடைக்கு முன் மேல்தள வீடுகளையும் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். சோதனைப் படிவம் தயாரிக்கவும், வார்டு அளவில் விளக்கிச் சொல்லவும் எங்களைப் போன்ற தொழிலாளர்களை அழைத்தால் கூலி எதிர்பாராமல் வருகிறோம்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சென்னை – 11

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரர்

இணைப்பு: மின்பலகைகளின் படங்கள், வாடகைதாரர்களின் கையொப்பப் பட்டியல். புகார் சொன்னவர்கள் யாரென்று உரிமையாளர்களுக்குத் தெரியாதபடி இப்பட்டியலை அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.