ஒரே ஒரு வாக்கியம் சேருங்கள்: அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். உங்களில் ஒருவருடைய அலுவலகத்திலிருந்து, உங்கள் கருத்துக்கு நன்றி என்று அச்சடித்த பதில் வந்தது, கீழே கையெழுத்தும் அச்சுதான். இந்த மடல் சினிமாவிலும் டிவியிலும் நடிக்கிற குழந்தைகளின் சம்பாத்தியத்தைப் பற்றியது. நீங்கள் எழுதுகிற சட்டம் எனக்குப் புரிய மூன்று தடவை படிக்க வேண்டியிருக்கிறது, நான் எழுதுகிற மடல் உங்களுக்குப் புரியாது, கணக்கு சரியாகப் போயிற்று.

போன மாதம் சிகாகோ பக்கம் நண்பர் வீட்டில் கல்யாண நாள் விருந்து. சாப்பிட்டு முடித்ததும் பழைய டிவி தொடர்களை வைத்து ஒரு வினாடி வினா நடத்தினார்கள். திரையில் 'டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்' தொடரில் சின்னப் பையனாக நடித்த கேரி கோல்மன் படம் வந்தது, அந்த உப்பின கன்னம், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு பார்வை. கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன், ஓ, அந்த செக்யூரிட்டி கார்டு ஆள்தானே என்றான். கூடமே சிரித்தது. அந்த சீரியலில் நடித்த பிள்ளைகள் எல்லாருக்குமே சாபமாம் என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்தியது, ஏனென்றால் எனக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக் கொடுத்ததே அந்தப் பிள்ளைதான்.

1996-இல் கல்யாணமாகி வந்தேன். கார் ஓட்டத் தெரியாது, வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குத் தருகிற ஹெச்-4 விசா, வேலைக்குப் போகக் கூடாது, வெளியே முழங்கால் அளவு பனி. மத்தியானம் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் 'டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்' மறு ஒளிபரப்பு ஓடும். ஹார்லெமில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருக்கிற இரண்டு கறுப்பினப் பையன்களை ஒரு பெரிய லிமோசின் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பார்க் அவென்யூ மாடி வீட்டுக்கு. அவர்களுடைய அம்மா அந்த வீட்டில் வேலை பார்த்தவர், இறந்துவிட்டார், பிள்ளைகளைப் பணக்கார டிரம்மண்ட் தத்து எடுத்துக்கொள்கிறார். சின்னவன் அர்னால்டு, அதுதான் கேரி; அவன் வளர்க்கிற தங்கமீனுக்குப் பெயர் ஆபிரகாம். அண்ணன் வில்லிஸ் எதையாவது உளறும்போது அர்னால்டு கண்ணைச் சுருக்கி "வாட்சு டாக்கின் பௌட், வில்லிஸ்?", அதாவது என்ன சொல்கிறாய் வில்லிஸ் என்று கேட்பான். எனக்கு வாய் பழகிய முதல் முழு ஆங்கில வாக்கியம் அதுதான். கடைக்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்தால் மனதுக்குள் அதைச் சொல்லிக்கொள்வேன், வீட்டுக்காரரிடம் வெளியிலேயே சொல்வேன். சிரிப்பு வரும்போது கொஞ்ச நேரத்துக்கு மதுரை ஞாபகம் வராது. அது சின்ன உதவியில்லை.

மற்ற கதை உங்களுக்கே தெரியும். 1978-இல் தொடர் ஆரம்பித்தபோது கேரிக்கு 10 வயது, 1986-இல் முடிந்தபோது 18. உச்சத்தில் ஓர் எபிசோடுக்கு ஒரு லட்சம் டாலர் வரை வாங்கியதாக எழுதினார்கள். 1989-இல் தன் பணத்தைக் கையாடிவிட்டதாகப் பெற்றோர் மீதும், வரவு செலவைப் பார்த்த பழைய ஆலோசகர் மீதும் வழக்குப் போட்டார். 1993-இல் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 12 லட்சத்து 80 ஆயிரம் டாலர் கொடுக்கச் சொன்னது. 1999-இல் திவால் மனு. 2010 மே மாதம் யூட்டாவில் வீட்டில் விழுந்து, மூளையில் ரத்தக் கசிவு, இரண்டு நாளில் போய்விட்டார். 42 வயது.

இதில் ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், அவருடைய சிறுநீரகத்தை. பிறவியிலிருந்தே கோளாறு. 5 வயதில் ஒரு மாற்று அறுவை சிகிச்சை, தொடர் ஓடிக்கொண்டிருந்த 1984-இல் இன்னொன்று, இரண்டும் நிலைக்கவில்லை, அப்புறம் டயாலிசிஸ்தான். நோயும் அதற்குத் தின்ற ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்து வளர்த்தியை நிறுத்திவிட்டன, 4 அடி 8 அங்குலத்தோடு சரி. நாம் செல்லம் என்று ரசித்தது அந்த உடம்பைத்தான். மீசை முளைக்கிற வயதிலும் அவரைச் சின்னப் பையனாகவே காட்ட முடிந்தது என்றால் அது நோய் போட்ட முதலீடு, லாபம் எடுத்தவர்கள் மற்றவர்கள்.

எங்கள் சித்தப்பாவுக்கு மதுரையில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடந்தது. முடிந்து வந்தால் யாரோடும் பேச மாட்டார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். தண்ணீர் அளந்துதான், ஒரு சின்ன டம்ளரில் சித்தி கோடு போட்டு வைத்திருந்தார். தாகம் தாங்காமல் அவர் கேட்பது ஒரு துண்டு ஐஸ். அதை நாக்கில் வைத்துக்கொண்டு கரைய விடாமல் எவ்வளவு நேரம் வைத்திருப்பார் தெரியுமா? பதினைந்து வயதில் கதவோரம் நின்று அதைப் பார்த்தவள் நான். அதே நோயை உடம்பில் வைத்துக்கொண்டு, கோடிக்கணக்கில் சம்பாதித்துக் கொடுத்த ஒரு மனிதர், 30 வயதில் கலிபோர்னியாவில் காவலாளி வேலை பார்த்தார். 1998-இல் அந்த வேலைக்காகக் குண்டு துளைக்காத சட்டை வாங்கக் கடைக்குப் போன இடத்தில் ஒரு பெண் ஆட்டோகிராப் கேட்க, வாய்த்தகராறு முற்றி அவர் கை நீட்டிவிட்டார். செய்தது தப்புதான், கோர்ட் 400 டாலர் அபராதம் போட்டது. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக டிவியில் அவரை வைத்து ஜோக் அடித்துச் சம்பாதித்தவர்களுக்கு யாரும் அபராதம் போடவில்லை. காவலாளி வேலையில் என்ன கேவலம்? உழைத்துச் சாப்பிட்டார். சிரிக்க வேண்டிய இடம் அதுவா?

இதற்கெல்லாம் எங்களை ஏன் கேட்கிறாய், அது பெற்றோர் செய்தது என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

குழந்தைத் தொழிலாளர் விஷயத்தில் நாடு முழுவதற்குமான உங்கள் சட்டம் 1938-இல் வந்த நியாயமான தொழில் தரச் சட்டம். அதே 1938-இல்தான் ஜாக்கி கூகன் தன் அம்மா மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குப் போட்டார். சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த அதே குழந்தை, பின்னாளில் 'ஆடம்ஸ் ஃபேமிலி' தொடரில் மொட்டைத்தலை அங்கிள் ஃபெஸ்டராக வந்தாரே, அவர்தான். சின்ன வயதில் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தவருக்குக் கடைசியில் கிடைத்தது சுமார் 1,26,000 டாலர். மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம் என்பதுதான் அன்றைய சட்டம். நாடே இதைப் பத்திரிகையில் படித்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில் நீங்கள், அதாவது உங்கள் நாற்காலியில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள், என்ன செய்தார்கள்? சினிமாவிலும் நாடகத்திலும் நடிக்கிற குழந்தைகளுக்குக் குழந்தைத் தொழிலாளர் விதிகள் பொருந்தாது என்று விலக்கு எழுதினார்கள். பிறகு ரேடியோவும் தொலைக்காட்சியும் அதில் சேர்ந்தன. உங்கள் சட்டத் தொகுப்பில் அது 213-ஆம் பிரிவு, (சி)(3), இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அதே 213-ஆம் பிரிவில் இன்னொரு விலக்கையும் படித்தேன். வீட்டிலிருந்தபடி ஹோலி, பைன், சிடார் முதலிய பசுமை மாறாத இலைகளால் மாலை கட்டுகிறவர்களுக்கானது. மாலை கட்டுவதற்கு எந்தெந்த மரம் என்று பெயர் சொல்லி எழுத நேரம் இருந்திருக்கிறது. நடிக்கிற குழந்தையின் பணம் யாருடையது என்று எழுதத்தான் நேரம் இல்லை.

அதை மாநிலங்கள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டீர்கள். கலிபோர்னியா 1939-இல் கூகன் பெயரால் ஒரு சட்டம் போட்டது, அதில் ஆயிரம் ஓட்டை. 2000-இல்தான் திருத்தி, குழந்தை சம்பாதிப்பது குழந்தையின் சொத்து, மொத்த வருமானத்தில் குறைந்தது 15 சதவீதம் பூட்டிய கணக்கில் போக வேண்டும் என்றார்கள். நியூயார்க், எங்கள் இல்லினாய், லூசியானா, நியூ மெக்சிகோ என்று சில மாநிலங்களிலும் இப்படி இருக்கிறது. எல்லை தாண்டிப் போய்ப் படம் பிடித்தால்? கம்பெனிக்கு எங்கே வரிச்சலுகையோ அங்கே ஷூட்டிங். குழந்தைக்கு எங்கே பாதுகாப்போ அங்கே என்று யாரும் லொகேஷன் பார்ப்பதில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. குழந்தைகள் நடிக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை, சொன்னால் அர்னால்டு எனக்குக் கிடைத்திருக்கவே மாட்டான். விலக்கு இருக்கட்டும். அதற்குக் கீழே ஒரே ஒரு வாக்கியம் சேருங்கள்: அந்தக் குழந்தையின் வருமானத்தில் ஒரு பங்கு, பெற்றோர் உட்பட யாரும் 18 வயது வரை தொட முடியாத கணக்கில், எந்த மாநிலமாக இருந்தாலும் போட வேண்டும். பெட்டி இருந்தால் மட்டும் போதாது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கேரி வழக்கிலிருந்து நான் புரிந்துகொண்டது அதைத்தான்.

இந்தத் தொடர் வாஷிங்டனுக்குத் தெரியாத தொடரும் இல்லை. 1983-இல் அதிபரின் மனைவி நான்சி ரீகன் நேரில் வந்து அதில் நடித்தார், போதைப் பொருளுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார். தொடரில் அக்காவாக வந்த டேனா பிளேட்டோ 1999-இல் மருந்தை அளவுக்கு மீறி எடுத்து 34 வயதில் இறந்தார். அண்ணனாக வந்த டாட் பிரிட்ஜஸ் பல வருஷம் போதையில் கிடந்து, தப்பி வந்து நல்லபடியாக இருக்கிறார், அந்த மட்டில் நிம்மதி. அதே 1983-இல் குழந்தைகளிடம் தப்பாக நடக்கிற சைக்கிள் கடைக்காரரைப் பற்றி இரண்டு பகுதியாக ஒரு கதை வந்தது, எத்தனையோ வீடுகளில் பெற்றோரைப் பேச வைத்த கதை. ஊர்க் குழந்தைகளை எல்லாம் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்ன செட்டில், அங்கேயே வேலை பார்த்த மூன்று பேரை யார் பார்த்துக்கொண்டார்கள்? சாபம் என்கிறார்கள். சாபம் என்று சொல்லிவிட்டால் யாரும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

நான் வந்த நாட்டில் 2017-இல் வந்த விதிப்படி, நடிக்கிற குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பாகப் போட வேண்டும், நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அமல் எப்படி என்று கேட்காதீர்கள், அது தனி மடல், வேறு முகவரி. ஆனால் நாடு முழுவதற்கும் எழுத்திலாவது இருக்கிறது. இப்போது இங்கே கேமராவும் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது, பிள்ளை பல் விழுந்து அழுவதுகூட வீடியோ, அதற்கும் விளம்பரக் காசு. தெரிந்தவர் வீட்டு எட்டு வயதுப் பெண் ஒருத்தி, கேக் வெட்டப் போகிறவள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னொரு டேக்கா அம்மா?" என்று கேட்டதை நானே பார்த்தேன். அங்கே அம்மாவை முறைத்துவிட்டு வந்தேன், அதனால் என்ன ஆகப் போகிறது.

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன், கோபத்தை மன்னிக்க வேண்டும். மடல் எழுதினால் நடக்காது என்றும் சொல்ல முடியாது. எங்கள் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் ஒரு பள்ளி மாணவி தன் செனட்டருக்கு எழுதியதில் தொடங்கி, வீட்டு வீடியோக்களில் வரும் குழந்தைகளுக்கும் பங்கு ஒதுக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. கேரி பிறந்த ஸையன் ஊரும் இதே இல்லினாயில்தான், ஏரிக்கரையில். ஒரு மாநிலத்தால் முடிந்தது உங்களாலும் முடியும் என்றுதான் பணிவோடு கேட்கிறேன். 213-ஆம் பிரிவில் ஒரே ஒரு வாக்கியம்.

1999-இல் எழுதிய உயிலில் கேரி ஒன்று கேட்டிருந்தார். தன் நினைவுக் கூட்டத்தைத் தன்னோடு எந்தப் பண சம்பந்தமும் இல்லாதவர்கள், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து இவன்மேல் நிஜமாக அக்கறை வைத்திருந்தோம் என்று சொல்லக்கூடியவர்கள்தான் நடத்த வேண்டும் என்று. அப்போது அவருக்கு 31 வயது. சிறுவயதிலிருந்து தெரிந்தவர்களை எல்லாம் மனதுக்குள் ஓடவிட்டுப் பார்த்துத்தானே அதை எழுதியிருப்பார்.

இந்த மடலை என் மகன் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருகிறேன் என்றிருக்கிறான். கிண்டலை எல்லாம் எடுத்துவிடுவான், மரியாதையான பிள்ளை. அது உங்கள் கைக்கு வரும்போது தயவுசெய்து அச்சடித்த பதில் அனுப்ப வேண்டாம், பிரிவு எண்ணைக் குறித்துக்கொண்டு முடியும், முடியாது என்று இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
அர்னால்டிடம் இங்கிலீஷ் படித்த ஒரு வாக்காளர்,
இல்லினாய்