இழுவை ஒரு குற்றமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற மாதம் வெளிவந்த அந்தக் கால ரசனை பற்றிய சிறப்புப் பகுதியையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். பெரும்பாலும் எல்லோரும் ஒரே குரலில் பேசியிருக்கிறார்கள். காமிக்ஸ் என்றால் இரும்புக்கை மாயாவி, தொலைக்காட்சி என்றால் ஞாயிற்றுக்கிழமை ராமாயணம், கலை என்றால் நம் கன்னியாகுமரி மாவட்டத்து வில்லுப்பாட்டு. இன்றைய மெகா தொடர்களோ வெறும் இழுவை. முதல் மூன்றையும் நானும் உயிராக நேசித்தவன்தான். ஆனால், மெகா தொடர் எந்தக் காரணத்துக்காக இகழப்படுகிறதோ அந்த இழுவை மற்ற மூன்றிலும் குறைவின்றி இருக்கிறது என்று சொன்னால் நண்பர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

1983-இல் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் தக்கலையில் வாடகை நூல் நிலையம் நடத்தியவன் நான். நாளுக்கு 25 பைசா வாடகை. காமிக்ஸ் புத்தகங்களுக்குப் பழைய காலண்டர் அட்டையை மேலே வைத்து, கோணி ஊசியால் தைத்து, அதன் பிறகுதான் வெளியே கொடுப்பேன். இல்லாவிட்டால் ஒரு மாதம் தாங்காது. அண்மையில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அவற்றில் மிஞ்சிய ஒரு கட்டைப் பரணிலிருந்து இறக்கி, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மாயாவியை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தேன். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை தவிர உடல் முழுவதும் மறைந்துபோகும் அந்த மனிதர், பத்துப் பக்கங்களுக்குள் எத்தனை முறை மின்கம்பியைத் தேடி ஓடுகிறார் என்பதை எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மூன்று பக்கங்களுக்கு ஒரு ஆபத்து. அதற்கு அடுத்த கட்டத்திலேயே முன்கதைச் சுருக்கம். மறுபடியும் ஓர் ஆபத்து. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்த இந்த நாயகன், 1962 முதல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் வாரத்துக்குச் சில பக்கங்களாக வெளிவந்தவர். ஒவ்வொரு வாரமும் அந்தச் சில பக்கங்கள் ஓர் இக்கட்டில் முடிந்தால்தான் சிறுவன் அடுத்த வாரமும் காசோடு கடைக்கு வருவான். அந்த வாரத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததுதான் நம் கையில் கிடைத்த புத்தகம். இதைவிட அப்பட்டமான தொடர்கதை உத்தியை நான் எந்தத் தொலைக்காட்சியிலும் பார்த்ததில்லை.

அந்தப் புத்தகக் கட்டுக்குள் ஒரு மாயாவி புத்தகத்துக்குக் கடைசித் தாள் கிடையாது. யாரோ கிழித்துவிட்டார்கள். அப்படியே நான்கு ஆண்டுகள் வாடகைக்குப் போனது. கடைசித் தாள் இல்லை என்று சொல்லியே கொடுப்பேன். "பரவாயில்லை அண்ணே, தாங்க" என்று வாங்கிப் போவார்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டு வந்தவர்களும் உண்டு. முடிவு தெரியாமல் அந்தப் பையன்கள் தவித்ததாக எனக்கு நினைவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது மாயாவியோடு இன்னும் ஒரு பிற்பகல், அவ்வளவுதான். மாலைத் தொடரில் நேற்று என்ன நடந்தது என்று என் மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவும் கிணற்றடியில் பேசிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு அந்தப் பையன்களின் முகங்கள்தான் தோன்றுகின்றன.

ராமாயணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 52 வாரங்களுக்கு என்று 1987-இல் தொடங்கி 78 வாரங்கள் வரை நீண்ட தொடர் அது. எங்கள் வீட்டு ஆண்டெனா திருவனந்தபுரத்தைப் பார்த்து நின்றது, வந்தது இந்தி, தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது. அரசவையில் ஒருவர் பேசி முடித்ததும் காமிரா ஒவ்வொரு முகமாகப் போய் நின்று நின்று வருமே, அந்த முகங்களை வைத்துத்தான் நாங்கள் கதையைப் பின்தொடர்ந்தோம். அதே காமிரா இன்று ஒரு மாமியாரின் முகத்தில் நின்றால் மட்டும் நமக்குச் சிரிப்பு வருகிறது. 2020 ஊரடங்கின்போது அது மறுஒளிபரப்பானபோது, மெகா தொடர்களை நாள் முழுதும் திட்டும் என் நண்பர் ஒருவர் ஒரு நாள் விடாமல் பார்த்தார் என்பதையும் இங்கே பதிவு செய்யவேண்டும்.

வில்லுப்பாட்டுக்கு வருகிறேன், பலருக்கும் கோபம் வரப்போவது இங்கேதான். கொடை என்னும் கோவில் திருவிழா நடக்கும் இரவில் கோவில் முற்றத்தில் வில்லை நிறுத்தி, குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் சூழ, இசக்கியம்மன் கதையைப் புலவர் பாடும்போது என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பார்த்தவர்கள் அறிவார்கள். இசக்கியாக வணங்கப்படும் நீலி, முற்பிறவியில் தன்னைக் கொன்ற செட்டியாரைப் பழிவாங்க வருகிறாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செட்டியாரைத் தன் கணவன் என்று ஊராரிடம் முறையிடுகிறாள். குழந்தை செட்டியாரைப் பார்த்து அப்பா என்கிறது. ஊரார் அதை நம்பி இருவரையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்தப் போகிறார்கள். நான் கேட்ட ஒரு கொடையில், புலவர் சரியாக அந்த இடத்தில், வில்லின் நாணை அடிக்கும் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டன்சாயாவுக்குக் கைநீட்டினார். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் ஏறியவர், நேராகக் கதவுக்குப் போகவில்லை. தூங்கி எழுந்து வந்தவர்களுக்காகவும், பிள்ளையை வீட்டில் கிடத்திவிட்டு வந்தவர்களுக்காகவும் கள்ளிக் கொப்பிலிருந்தே மீண்டும் தொடங்கினார். பக்கப்பாட்டுக்காரர் ஒவ்வொரு அடிக்கும் "ஆமா" போட்டு, கடைசிச் சொல்லைத் திருப்பிப் பாடினார். இது முன்கதைச் சுருக்கம் இல்லையென்றால் வேறு எது முன்கதைச் சுருக்கம்?

ஆனாலும் அந்தத் திருப்பலில் ஒருவரும் சலிக்கவில்லை. இரண்டாம் முறை சொல்லும்போது ஊராரின் பேச்சில் தேங்காய் விலை நுழைந்தது. செட்டியாரின் பயத்தில், முன்வரிசையில் இருந்த கோவில் நிர்வாகி ஒருவரின் பேச்சு வழக்கு நுழைந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பு அடங்குமுன் கதவைச் சாத்திவிட்டார். மாயாவியிலும் இதைக் காணலாம். கதை சொன்னதையே சொல்லும். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கோடு மட்டும் சொன்னதைச் சொல்லாது. அந்தரத்தில் தொங்கும் அந்த வெற்றுக் கையை ஒருமுறை மேலிருந்து காட்டுவார், மறுமுறை இருட்டில் விரல்கள் மட்டும் மின்னும்படி வரைவார்.

என் குறை இதுதான். மெகா தொடர்களைக் குற்றம் சொல்பவர்கள் தவறான இடத்தில் குற்றம் காண்கிறார்கள். நீளம் அவற்றின் குறையன்று. நீட்டும் நேரத்தில் புதிதாக ஒன்றும் தராமல், ஒரே அதிர்ச்சி முகத்தை ஒரே இசையோடு மூன்று முறை வெட்டி ஒட்டுவதுதான் குறை. அதே தொடர்களில் சமையற்கட்டுக் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் நின்றுகொண்டு பரிமாறுகிறார்கள், புதிதாக வந்த மருமகள் எந்த நாளில் முதன்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள் என்று வாரக்கணக்கில் நீட்டிச் சொல்லும் பொறுமை, இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டிய நம் சினிமாவுக்கு வாய்ப்பதேயில்லை. நாற்காலியில் அவள் உட்கார்ந்த அன்று என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

பாடல்களிலும் கொஞ்சம் இப்படித்தான் என்று தோன்றுகிறது. 1984 அக்டோபர் 30 அன்று நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நம் நாகர்கோவிலில் தொடங்கிய பிறகு, என் கடையில் நாள் முழுதும் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. இன்று அமரத்துவம் பெற்றவை என்று நாம் சொல்லும் பாடல்களில் பல, நேயர்கள் எழுதிக் கேட்டுக் கேட்டு, எங்கள் காதில் ஊறி ஊறியே இனித்தவை. ஒரு முறை மட்டும் ஒலித்து மறைந்த நல்ல பாடல்களும் இருந்தன. அவற்றுக்காக இப்போது யாரும் கடிதம் எழுதுவதில்லை.

என் பேரன் எந்தத் தொடரையும் கைப்பேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்க்கிறான். அவனை ஒரு முறையாவது கொடைக்குக் கூட்டிப்போய் விடியும்வரை உட்கார வைக்கவேண்டும் என்றிருக்கிறேன். தூங்கிவிட்டாலும் பாதகமில்லை, புலவர் மறுபடியும் சொல்வார்.

தங்கள் இதழ் திரைப்படங்களுக்கு இரண்டு பக்கம் விமர்சனம் வெளியிடுகிறது. ஏதேனும் ஒரு மெகா தொடரின் ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு, அதே அக்கறையோடு, கேலி இல்லாமல் யாரையாவது எழுதச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் மேலே சொன்ன மாயாவியின் கடைசித் தாள் தங்கள் வாசகர் யாரிடமாவது இருந்தால், ஒரு படி எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்பலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் வாடகை நூல் நிலையக்காரர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.