கணினி வகுப்புக்குத் துணைநின்ற டெல்டா மக்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை கணினி அறிவியலுக்கென வாரம் ஒரு பாடவேளையாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டு வருகிறோம். சில பள்ளிகளின் கால அட்டவணையில் அது இப்போது இடம்பிடித்துவிட்டது. அதற்குக் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

எதற்காக இத்தனை மன்றாடல் என்று உதவியவர்களிலேயே சிலர் கேட்டார்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுக்கும் பிள்ளைக்கு முதல் நிரல்மொழியாகவே (கணினிக்குக் கட்டளை எழுதும் மொழி) சி++ வருகிறது, பன்னிரண்டில் பைத்தான் என்ற இன்னொரு மொழி வருகிறது. அதற்கு முந்தைய வகுப்புகளில் கணினிப் பாடங்கள் அறிவியல் புத்தகத்துக்குள் அடங்கியிருக்கின்றன. பத்தாம் வகுப்பில், கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் வருவது கடைசி அலகில். பொதுத்தேர்வு நெருங்கும்போது கடைசி அலகுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். பாடம் அச்சில் இருக்கிறது, அதற்கென்று தனிப் பாடவேளை மணி அடிப்பதில்லை. மணி அடிக்காத பள்ளியில் எத்தனை கணினி இறக்கினாலும் அவை துணி போர்த்தியபடியே கிடக்கும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள தாய்மார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். "கணினி வசதி செய்து தர வேண்டும்" என்று பொதுவாக எழுதும் தீர்மானத்துக்கு "ஆவன செய்யப்படும்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். நீங்கள் எழுதிய தீர்மானத்தில் வகுப்பு, பிரிவு, மாணவர் எண்ணிக்கை, எந்தக் கிழமை எத்தனையாவது பாடவேளை, எந்த அறை, அந்த அறையில் மின் இணைப்பின் நிலை, பொறுப்பாசிரியர் யார் என்பதெல்லாம் வரிவரியாக இருந்தன. அதே வாசகத்தைக் கிராம சபையில் வைத்து நிறைவேற்றி, இரண்டு நகல்களையும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் சேர்த்துக் கொடுத்தீர்கள். மறுக்க இடமில்லாத மனு அது. கால அட்டவணையை மாற்றி எழுதிய தலைமையாசிரியர்களுக்கும் எங்கள் வணக்கம்.

அடுத்து எலக்ட்ரீஷியன் அண்ணன்மார். இவர்கள் உழைப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம். ஒரு மேசைக் கணினி திரையோடு சேர்த்துச் சுமார் 100 வாட் இழுக்கும். பத்துக்கு 1,000 வாட், 230 வோல்ட்டில் சுமார் 4.35 ஆம்பியர். ஏற்கெனவே மின்விசிறியும் விளக்கும் ஓடும் பழைய வயரில் இதையும் மாட்டினால் இணைப்புகள் சூடேறும். எனவே மீட்டர் பெட்டியிலிருந்தே 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன் இழுத்து, மின்சுமை மிஞ்சினால் அணையும் 16 ஆம்பியர் எம்சிபியும், மின்கசிவு வந்தால் அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டுக் கொடுத்தார்கள். அறுப்பு முடிந்ததும் எலி வயலைவிட்டுக் கட்டடத்துக்குள் வரும் என்று சொல்லி, வயர் முழுவதையும் பைப்புக்குள் ஓட்டினார்கள். தண்ணீர் ஏறும் ஊர்களில் சுவிட்ச் போர்டை நாலடி உயரத்தில் வைத்தார்கள்.

எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு) விஷயத்தில் அவர்கள் காட்டிய அக்கறைக்குத் தனி நன்றி. கணினிப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் பலரும் பெட்டியைக் குறைசொல்வார்கள். கணினிக்கு மின்சாரம் மாற்றித் தரும் பவர் சப்ளைக்குள், மின் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் உண்டு. எர்த் சரியில்லாதபோது அவற்றின் வழியே வரும் சிறு கசிவு பெட்டியின் உலோகத்திலேயே நின்றுவிடும். நம் களிமண் ஈரமாக இருக்கும்வரை நல்ல எர்த் தரும். சித்திரை வெயிலில் வெடித்துப் பிளந்து, புதைத்த எர்த் குழாயைவிட்டு விலகியதும் எர்த் கெட்டுவிடும். குழியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றச் சொன்னவர்கள் இவர்கள்தாம். வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் உப்பு மண் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அரித்துவிடும் என்பதால், அங்கே செம்பு பூசிய 3 மீட்டர் கம்பியை இறக்கினார்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கணினியை மாட்ட விட்டார்கள்.

பழைய கணினிகளைக் கொடுத்த கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் நன்றி. 64 பிட் செயலியும் 4 ஜிபி நினைவகமும் இருந்தால் எங்களுக்குப் போதும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சுழலும் பாகம் இல்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகத்தை மாட்டி, லினக்ஸ் இயங்குதளத்தில் இலகுவான ஒன்றை ஏற்றினால் பத்தாண்டுப் பழைய பெட்டியும் வகுப்புக்கு ஆகும். பீப் சத்தம் மட்டும் வந்து திரை எழாவிட்டால், முதலில் நினைவகப் பட்டையைக் கழற்றி அதன் முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டிப் பாருங்கள். நம் ஈரக்காற்றில் பாதி நேரம் கோளாறு அங்கேதான். தேதி பின்னோக்கிப் போய் இணையப் பக்கம் திறக்க மறுத்தால் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும்.

ஆசிரியர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய. கணினி வந்து சேரும்வரை காத்திராமல் கோலத்திலிருந்து தொடங்கினீர்கள். 1970-களில் ராணி சிரோமணி, கிஃப்ட் சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை முறைசார் இலக்கணமாக, அதாவது வடிவத்தைப் படிப்படியாக உருவாக்கும் விதிகளாக, எழுதி ஆராய்ந்தார்கள். கணினி அறிவியலில் அது மதிப்புள்ள பணி. அந்தக் கோலம் நம் பிள்ளைகளின் வாசலிலேயே இருக்கிறது. "ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளி" என்பது முழுமையான ஒரு நிரல். நடு வரிசையில் 7, மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி.

ஒரு பிள்ளை கட்டளை சொல்ல, இன்னொரு பிள்ளை சொன்னதை மட்டும் காகிதத்தில் போட வேண்டும் என்ற உங்கள் விதிதான் பாடத்தின் உயிர். அரை இடைவெளி உள்ளே தள்ளித் தொடங்கு என்று சொல்ல மறந்தால், எல்லா வரிசையும் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு பிள்ளைகள் அதையே ஸ்கிராட்சில் எழுதும்போது, வரிசைக்கு ஒரு புள்ளி ஏறும் சுற்று 4 முதல் 7 வரை, இறங்கும் சுற்று 7 முதல் 4 வரை என்று வைப்பார்கள். நடு வரிசை இரண்டு முறை விழுந்து 44 புள்ளி வரும். விடையைச் சொல்லிவிடாமல் 37-க்கும் 44-க்கும் உள்ள வித்தியாசம் ஏன் சரியாக ஏழு என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தீர்கள். பிழையைத் தாமே தேடிப் பிடிக்கும் பழக்கம் வளர்வது அங்கேதான்.

ஒரு கணினிக்கு இருவர், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுட்டி கைமாற வேண்டும் என்ற கண்டிப்பையும் விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் துணிச்சலான பிள்ளை சுட்டியை விடாது, அடக்கமான பிள்ளை, பெரும்பாலும் பெண் பிள்ளை, வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். உயிரெழுத்து இடக்கை, மெய் பெரும்பாலும் வலக்கை என்று தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கியதற்கும் நன்றி.

அறைச் சாவியை வைத்திருக்கும் அலுவலக உதவியாளர்களுக்கும் இரவுக் காவலர்களுக்கும் ஒரு நன்றி, ஒரு வேண்டுகோள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வகுப்பு நடக்காவிட்டாலும் வாரம் இரண்டு முறை அரைமணி நேரம் கணினிகளை ஓட விட்டீர்கள். உள்ளே கோத்த ஈரம் அந்தச் சூட்டில்தான் போனது. கோடை விடுமுறையில், மின்தடையின்போது கணினியைத் தாங்கும் யுபிஎஸ்ஸை மறந்துவிடாதீர்கள். அதிலுள்ள 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி சார்ஜ் இறங்கிக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, ஜூனில் பள்ளி திறக்கும்போது செத்திருக்கும். மாதம் ஒருமுறை, ஒரு பகல் முழுதும் சார்ஜில் போட்டுவிட்டு மாலையில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். கோடை இடி இறங்கும்போது பிளக் சுவரில் இருக்கக் கூடாது, இணையக் கேபிளும் கழன்றிருக்க வேண்டும்.

நன்றியுடன்,
டெல்டா மாவட்டப் பள்ளிகளில் கணினிக் கல்வி கேட்கும் ஆசிரியர்கள், பெற்றோர்