சேற்றில் இறங்கிய டாங்கிகள்

திருவையாறு,
ஐப்பசி 20

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழை விட்டபாடில்லை. கமலாவுக்குக் கண் புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சட்டையில் இருக்கும் கறையெல்லாம் அவளுக்குத் தெரிகிறது.

போன செவ்வாய்க்கிழமை டிராக்டர் தொழியில் இறங்கிவிட்டது. சேற்றுக்கென்று இருக்கும் இரும்புக் கூண்டுச் சக்கரம், அந்தக் கேஜ் வீலை மாட்டியும் பயனில்லை. வண்டியின் வயிறு சேற்றில் தட்டிய பிறகு சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமானது. பலகை கொடுத்து, நாலு பேர் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றுவதற்குள் இருட்டிவிட்டது.

உன் ஞாபகம்தான் வந்தது. டாங்கிக்கு ரோடு எதற்கு என்று பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் அளந்தாயே! பிறகு பாகிஸ்தானோடு நடந்த அசல் உத்தர் சண்டையின் கதையைச் சொன்னவனும் நீதான். 1965 செப்டம்பரில், பஞ்சாபின் கேம்கரன் அருகே நம்மவர்கள் வாய்க்கால்களை உடைத்துக் கரும்புக் கொல்லைகளில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். 45 டன் அளவு எடையுள்ள, பாகிஸ்தானின் 'பாட்டன்' ரக டாங்கிகள் அந்த ஈரக்களியில் திணறின. கரும்புக்குள் மறைந்திருந்த நம் சென்சுரியன் டாங்கிகளுக்கும் ஜீப் பீரங்கிகளுக்கும் விலாவைக் காட்டிக்கொண்டு நின்றன. சேறே போரை ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். குறிபார்த்துச் சுட்டவர்கள் கோபித்துக்கொள்வார்கள். நம் தரப்புக் கணக்கில் எதிரி இழந்தவை 97 டாங்கிகள். பிடிபட்டவற்றைப் பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தி, அந்த இடத்துக்குப் 'பாட்டன் நகர்' என்றே பெயரிட்டார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1971 டிசம்பர் போரில், இன்றைய வங்கதேசத்தின் மேக்னா ஆற்றை நம் படை கடந்த கதை. ஆசுகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. வீரர்களை ஹெலிகாப்டர்கள் அக்கரை சேர்த்தன. டாங்கிக்கு என்ன வழி? நம்மிடம் இருந்த பிடி-76 ரக டாங்கி வெறும் 14 டன், மிதக்கக்கூடியது. ஆனால் அரை மணி நேரம் நீந்தியதும் எஞ்சின் கொதித்துவிடும். மீதித் தூரத்துக்கு நாட்டுப்படகுகள்தான் இழுத்துச் சென்றன. பீரங்கி முளைத்த இரும்பு வண்டியை ஒரு படகோட்டி கயிறு கட்டி இழுத்துப் போவதை நினைத்துப் பார். மாடு மிரண்டு ஆற்றில் இறங்கினால் நம் ஊரில் இப்படித்தான் மீட்போம்.

புதைந்த டாங்கியை மீட்கும் வேலையைப் பல வருடம் பார்த்தவன் நீ. கயிற்றை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் கட்ட வேண்டும் என்று பொங்கலுக்கு வரும்போது காட்டிவிட்டுப் போ. நான் கட்டியது இரண்டு முறை அறுந்தது.

உன்,
சுந்தரம்