ஃபார்ஸ்கேப்: கடைசி வரை கூட இருந்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு,

ஃபார்ஸ்கேப் என்ற விண்வெளிக் கதைத் தொலைக்காட்சித் தொடரின் கடைசி நான்கு அத்தியாயங்களைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, பிறகு அதைப் பற்றி ஓயாமல் வாதாடிய எல்லோருக்கும் பொதுவில் நன்றி சொல்லவே இந்த மடல். தனித்தனியாகச் சொல்லப் போனால் யாராவது விடுபடுவார்கள், அதில் ஒரு மனத்தாங்கல் வரும்.

முதல் நன்றி நம்மில் யாருக்கும் இல்லை. 2002 செப்டம்பரில், ஐந்தாம் பருவமும் உண்டு என்று எல்லோரும் நம்பியிருந்தபோது, அமெரிக்காவின் சை-ஃபை சேனல் தொடரைக் கைகழுவியது. அப்போது கடிதம் எழுதியும் தொலைபேசியில் அழைத்தும் துளைத்தெடுத்த ரசிகர்கள் யாரென்றுகூட நமக்குத் தெரியாது. அவர்கள் விடாப்பிடியாக நின்றதில்தான் தொடர் மறக்கப்படாமல் இருந்தது. 2004 அக்டோபரில், கதையை முடித்துவைக்கும் 'பீஸ்கீப்பர் வார்ஸ்' குறுந்தொடர் இரண்டு பாகங்களாக வந்தது. இல்லாவிட்டால் 2003 மார்ச் 21 அன்று ஒளிபரப்பான 88-ஆவது அத்தியாயத்தோடு கதை அந்தரத்தில் நின்றிருக்கும்.

அந்தரம் என்பது மிகையல்ல. நடுக்கடலில் சிறு படகு. கதாநாயகன் கிரைட்டன் தன் காதலி ஏரினிடம் மோதிரத்தை நீட்டுகிறான். அவள் வயிற்றில் பிள்ளை. எங்கிருந்தோ வந்த ஒரு கலம் சுடுகிறது, இருவரும் படிகத் துண்டுகளாகச் சிதறிக் கொட்டுகிறார்கள். அவர்களின் தோழன் டார்கோ அலறுகிறான். அதற்கு மேல் 'தொடரும்' என்று ஓர் அறிவிப்பு!

ரத்தான தொடருக்கு 'தொடரும்' போடுவது பார்வையாளரை ஏமாற்றுவதாகாதா என்று கேட்டு அன்றிரவு யாரையும் தூங்கவிடாமல் செய்த மருத்துவ மாணவத் தம்பிக்கு நன்றி. அவர் சொன்னதை நான் இன்னும் ஏற்கவில்லை. அவசரத்துக்கு ஒரு மங்கல முடிவை ஒட்டவைக்காமல், கதை எங்கே நின்றதோ அங்கேயே நிறுத்திய துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. 'இது முடியவில்லை' என்று சேனலின் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி இருந்தது.

எதிரி இனமான ஸ்காரன்களின் கோட்டைக்குள் கிரைட்டன் இடுப்பில் அணுகுண்டைக் கட்டிக்கொண்டு நுழையும் மூன்று பாகக் கதையில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று புரியாமல் விழித்தவர்களுக்குத் தாளில் படம் போட்டு விளக்கிய அக்காவுக்கு நன்றி. பொம்மலாட்டம் தெரிந்தவரும் அவரேதான். கடைசி அத்தியாயத்தில், உயிருள்ள விண்கலமான மோயாவை இயக்கும் பைலட் என்ற உயிரினம் அதிலிருந்து பிரிந்து, கிரைட்டனுக்கு வழிகாட்டச் சிறு கலத்தில் ஏறிப் போகும் காட்சியை நான் சாதாரணமாகக் கடந்திருப்பேன். அவர்தான் நிறுத்தி நிறுத்திப் போடச் சொன்னார். மோயாவின் உடலோடு நரம்பால் பிணைந்த உயிர், அந்தப் பிணைப்பை அறுத்துக்கொண்டு இடம் போதாத கலத்துக்குள் முடங்கிக் கிடக்கிறது. பல பேர் கூடி இயக்கும் பொம்மை அது. இமை தாழ்வதையும் தலை மெல்லச் சாய்வதையும் பாருங்கள் என்றார். பைலட்டுக்குக் குரல் கொடுத்தவரும், தொடரின் இன்னொரு பாத்திரமான கேப்டன் கிரைஸாக நடித்தவரும் ஒருவரே, லானி டுபு, என்று அவர் சொன்னதும் கூடத்தில் எழுந்த கூச்சலுக்கு எதிர்வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

இடம் தந்த அண்ணனுக்கும் அண்ணிக்கும் எப்படி நன்றி சொல்வது? சிட்னியில் எடுத்த தொடரை, சிட்னியிலேயே குடியிருந்துகொண்டு இத்தனை காலம் பார்க்காதிருந்த நம்மை அழைத்து உட்காரவைத்தது அவர்கள்தான். அண்ணியின் தேங்காய்ச் சம்பலுக்குத் தனி மடல் எழுத வேண்டும்.

'பீஸ்கீப்பர் வார்ஸ்' பற்றி நாம் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒரு பருவம் முழுக்கச் சொல்ல வேண்டியதைச் சுமார் மூன்று மணி நேரத்துக்குள் திணித்திருக்கிறார்கள். மூச்சுவிட இடமில்லை என்பது என் குறை. கடலடியில் கிடந்த அந்தப் படிகத் துண்டுகளைக் கிரைட்டனின் கூட்டாளி ரைஜெல் விழுங்கி எடுத்துவந்து கக்கும் காட்சிக்காக எதையும் மன்னிக்கலாம் என்று ஒரு கட்சி இருக்கிறது. அக்கட்சியினரின் வாதத்தை முழுதாகக் கேட்க நேரம் போதவில்லை. அடுத்த முறை முதலில் அவர்களே பேசட்டும்.

டிவிடிகளை இரவல் தந்தவர் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. அவருக்கும் நன்றி. மூன்றாம் பருவத்தின் இரண்டாவது தட்டு யாரிடம் இருக்கிறதோ, தயவுசெய்து அண்ணன் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்