அட்டை தீர்ந்த மறுநாளே அடுத்த அட்டை

அன்பு மகளே,

டிஸ்சார்ஜ் சம்மரி போட்டோ வந்தது. இடது சினைப்பையில் இருந்த சாக்லேட் கட்டியை (எண்டோமெட்ரியோசிஸ் நோயில் பழைய ரத்தம் தேங்கி வரும் கட்டி) உறையோடு எடுத்துவிட்டு, டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மி.கி. தினம் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். கட்டியை எடுத்த பிறகும் எதற்கு மாத்திரை என்று கேட்டிருந்தாய்.

லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனில், கண்ணுக்குத் தெரிவதைத்தான் எடுக்க முடியும். கருப்பைக்கு வெளியே மிச்சம் ஒட்டியிருக்கும், அதன் உட்சவ்வு போன்ற திசு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனில் வளரும், மாதவிலக்கோடு சேர்ந்து உள்ளேயே கசியும். இந்த மாத்திரை சினைமுட்டை வெளிவருவதை அடக்கி, ஈஸ்ட்ரோஜனையும் தாழ்த்தி, அந்தத் திசுவைச் சுருங்க வைக்கிறது. நிறுத்தினால் அந்தக் காவல் போய்விடும். ஒன்றரை, இரண்டு வருடமாவது தொடரச் சொன்னால் மலைக்காதே.

அட்டை தீர்ந்த மறுநாளே அடுத்த அட்டை. கருத்தடை மாத்திரைக்கு விடுகிற ஏழு நாள் இடைவெளி இதற்குக் கிடையாது; ரத்தம் பட்டாலும் நிறுத்தாதே. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் என்று ஒரே நேரமாக வைத்துக்கொள். மறந்தால் ஞாபகம் வந்ததும் ஒன்று, மறுநாள் வழக்கமான நேரத்தில் அடுத்தது. போட்ட மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடு.

பலரும் கைவிடுவது முதல் மூன்று மாதத்தில்தான். பழுப்பாக, திட்டுத் திட்டாக, நாள்கணக்கில் படும். கருப்பையின் உட்சவ்வு மெலிந்து உதிர்கிறது, அவ்வளவுதான். மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. போகப்போகக் குறையும், பலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. தங்குவதற்கு அங்கே எதுவும் சேர்வதில்லை. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால் மட்டும் உடனே டாக்டரைக் கூப்பிடு.

தலைவலி, மார்பில் கனம், முகப்பரு வரலாம். எனக்குக் கவலை மனச்சோர்வுதான். காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே, எனக்கும் டாக்டருக்கும் சொல். கருப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கசியும் காயில் போல வேறு வழிகள் இருக்கின்றன.

இதைக் கருத்தடையாக நம்பாதே, தேவைப்பட்டால் ஆணுறைதான். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபைன் இதன் வீரியத்தைக் குறைக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இந்த மாத்திரையைச் சொல்லிவிடு.

'ஒரு குழந்தை பெத்துட்டா சரியாயிடும்' என்று அத்தை ஆரம்பிப்பார். கர்ப்பம் இந்த நோய்க்கு மருந்தல்ல. நீயாக வேண்டும் என்று முடிவெடுக்கும்போது டாக்டரிடம் சொல்லி நிறுத்தலாம். பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் மாதவிலக்கு பழையபடி திரும்பும்.

கேழ்வரகு மாவு இரண்டு கிலோ கூரியரில் போட்டிருக்கிறேன். நாள்பட எடுத்தால் இந்த மாத்திரை எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கலாம். காலையில் பால் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடி.

அம்மா